ராணிப்பேட்டைக்கு ஒரு மறுவீடு

முதல் உலகப் போர் மும்முரமாக நடந்துகொண்டிருந்த 1917இல், ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரத்தில் பீரங்கிக் குண்டுக்குத் திரி செய்வதற்காக ஒரு கம்பெனி தொடங்கினார்கள். அடுத்த வருடமே போர் முடிந்துவிட்டது. திரி வாங்க ஆளில்லை. கடையை மூடவும் மனசில்லை. சரி, மோட்டார் சைக்கிளாவது செய்வோம் என்று இறங்கினார்கள். அதுதான் சுண்டாப். இரண்டாம் போரில் ஹிட்லரின் பட்டாளத்துக்கு 750 சி.சி.யில் சைடுகார் பூட்டிய ராட்சச வண்டி செய்து கொடுத்தார்கள். ஹிட்லர் போய்ச் சேர்ந்தார். கம்பெனிக்கு ஞானம் பிறந்தது. மியூனிக்குக்குக் குடிபெயர்ந்து, 50 சி.சி.யில் சாதுவான வண்டிகள் செய்யத் தொடங்கியது.

அந்த ஞானம்தான் எண்பதுகளில் ராணிப்பேட்டைக்கு வந்தது. திருவொற்றியூரில் புல்லட் செய்துகொண்டிருந்த என்ஃபீல்டு இந்தியா, சுண்டாப்பின் நுட்பத்தை வாங்கி, தோல் ஷாப்புகளின் நறுமணம் கமழும் எங்கள் ஊரில் தனித் தொழிற்சாலை போட்டது. சில்வர் பிளஸ், எக்ஸ்ப்ளோரர் என்று இரண்டு வண்டிகள் பிறந்தன. எக்ஸ்ப்ளோரர் பார்க்க மோட்டார் சைக்கிள், கேட்கத் தையல் மெஷின். 50 சி.சி. பெயரோ உலகம் சுற்றும் மாலுமியின் பெயர்.

பாவம், ஜாதகம் சரியில்லை. 1984இல் மியூனிக்கில் சுண்டாப்பே திவால். சீனாவின் தியான்ஜின் நகரத்துக்காரர்கள் அதை வாங்கி, ஆட்களை அனுப்பி, தொழிற்சாலையையே கழற்றி மூட்டை கட்டி ஊருக்குக் கொண்டுபோனார்கள். இங்கேயோ இண்ட்-சுசுகி, ஹீரோ ஹோண்டா, ஆர்.எக்ஸ். 100 என்று ஜப்பான் 100 சி.சி.க்கள் வரிசையாக வந்து இறங்கின. எக்ஸ்ப்ளோரரைப் பெண்கள் திரும்பிப் பார்ப்பது நின்றது. அப்புறம் ஆண்களும் நிறுத்திக்கொண்டார்கள்.

இந்த வரலாறெல்லாம் எதற்கு என்றால், சீனாக்காரன் ஒரு தொழிற்சாலையை மியூனிக்கிலிருந்து தியான்ஜினுக்குக் கொண்டுபோகப் பட்ட பாடு, நான் ஒரே ஒரு எக்ஸ்ப்ளோரரை நாக்பூரிலிருந்து ராணிப்பேட்டைக்குக் கொண்டுவரப் பட்ட பாட்டில் கால்வாசி இருக்குமா என்பது சந்தேகம்.

1994 கார்த்திகை மாதம், நண்பனின் தங்கை கல்யாணத்துக்காக நாக்பூர் போயிருந்தேன். அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: வரும்போது ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வா. ஆரஞ்சு தேடித்தான் இத்வாரி கடைத்தெருவுக்குப் போனேன். அங்கே ஒரு மளிகைக் கடையின் பின்கட்டில், வெங்காய மூட்டைகளுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு நின்றது எங்கள் ஊர் எக்ஸ்ப்ளோரர். ராணிப்பேட்டையில் பிறந்த பெண்ணை நாக்பூரில் கட்டிக்கொடுத்து, வெங்காயத்துக்குக் காவல் வைத்திருக்கிறார்கள்! கடைக்கார சேட் 2,500 என்றார். நண்பன் 1,800க்கு இறக்கினான். இறக்கிவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

“டேய், இந்தக் காசுக்குக் கூடை கூடையா ஆரஞ்சு வாங்கலாம். அதையாவது சாப்பிடலாம்.”

ஓட்டிக்கொண்டே போய்விட்டால் என்ன என்று எனக்கு ஒரு யோசனை. ஏறக்குறைய 1,100 கிலோமீட்டர். நண்பனின் மாமா வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: “ஆதிலாபாத் வரைக்கும் நீங்க வண்டியைத் தள்ளலாம் தம்பி. அதுக்கப்புறம் உங்களை யார் தள்றது?” நாமக்கல் லாரி ஒன்றைப் பிடித்தோம். டிரைவர் வண்டியைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, “இதுக்கு வாடகை வாங்குனா எனக்குப் பாவம் சார்” என்று கிளம்பிவிட்டார். மிச்சம் ரயில்தான்.

ரயிலில் வண்டி அனுப்ப இரண்டு வழி. பார்சலாகப் போட்டால், நீங்கள் இல்லாமலே அது பாட்டுக்கு வரும், அதற்கு எப்போது இஷ்டமோ அப்போது. உங்கள் டிக்கெட்டைக் காட்டி லக்கேஜாகப் போட்டால் உங்களோடு அதே ரயிலில் வரும், கட்டணம் கூடுதல். கூடவே வருவதுதான் மரியாதை என்று லக்கேஜ் போட்டேன்.

அதற்கு முன்னால் மூட்டை கட்ட வேண்டும். எந்தப் பெரிய ஸ்டேஷன் வாசலிலும் இதற்கென்றே ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்கும். நாலு கோணி, ஒரு கட்டு வைக்கோல், சணல் கயிறு, விரல் நீளத்துக்கு வளைந்த கோணி ஊசி. ஹேண்டில்பாரை ஒருபக்கம் ஒடித்துத் திருப்பினார்கள். ஹெட்லைட்டுக்கு இரண்டு சுற்று வைக்கோல், சைலன்சருக்கு ஒன்று. பிறகு தையல். பெரியவர் ஒருவர் பல்லில் கயிற்றைக் கடித்துக்கொண்டு, சீட்டில் ஆரம்பித்துப் பின்சக்கரம் வரை ஒரே மூச்சில் தைத்து முடித்தார். என் கல்யாணச் சட்டைக்குக்கூட அவ்வளவு நேர்த்தியான தையல் கிடைத்ததில்லை. கடைசியில் கறுப்பு மையில் பெரிதாக எழுதினார்: என்.ஜி.பி. – எம்.ஏ.எஸ். பின்னது மெட்ராஸ் சென்ட்ரலின் குறியெழுத்து. இரண்டு வருஷம் கழித்து ஊர் சென்னை ஆகிவிட்டது. ரயில்வேக்கு மட்டும் இன்றைக்கும் அது எம்.ஏ.எஸ்.தான்.

டேங்கில் சொட்டுப் பெட்ரோல் இருக்கக் கூடாது என்பது விதி. கிளப்பிக் காட்டுகிறேன் என்று சேட் ஊற்றிய பெட்ரோல் அப்படியே இருந்தது. “கவலையே படாதே” என்று ஒருவர் கேனோடு வந்து குழாயைப் பிடுங்கினார். பக்கத்தில் அவருடைய லூனா நின்றது. பெட்ரோல் பங்க் பக்கம் போயே வருஷக்கணக்காகிறது என்று பெருமையாகச் சொன்னார்.

ஏறியது ஜி.டி. எக்ஸ்பிரஸ். 1929இல் ஆரம்பித்தபோது பெஷாவரிலிருந்து மங்களூர் வரை ஓடிய மகாராஜா ரயில் அது. பிறகு டெல்லி–மெட்ராஸ் என்று சுருங்கிவிட்டது. பல்லார்ஷா, வாரங்கல் என்று நின்ற இடத்திலெல்லாம் இறங்கி ஓடிப்போய்ப் பார்சல் வேனை எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். ஆரஞ்சுக் கூடைகளுக்கு நடுவில் கோணி மூட்டை பத்திரமாகக் கிடந்தது. எதிர் சீட்டில் ஒரு மாமி. நான் மூச்சிரைக்க வந்து உட்காருவதைப் பார்த்துப் பார்த்து அவருக்குப் பொறுக்கவில்லை.

“என்னப்பா, அடிக்கடி எங்கே ஓடறே?”

“பின்னாடி வேன்ல வருது மாமி. ஒழுங்கா இருக்கான்னு பார்த்துட்டு வரேன்.”

மாமி முகம் மாறியது. குரலைத் தாழ்த்தி, “என்ன வயசு?” என்றார்.

“பத்து, பதினொண்ணு இருக்கும்.”

“ஐயோ ஈஸ்வரா! என்ன ஆச்சு?”

“நன்னா ஓடிண்டுதான் இருந்ததாம். ஒருநாள் திடீர்னு நின்னுபோச்சு. உள்ளே எங்கேயோ அடைப்புன்னு சொல்றா.”

மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு தட்டில் தயிர்சாதம் வைத்து நீட்டினார். எலுமிச்சை ஊறுகாயும் உண்டு. பசி வேளை, வாங்கிக்கொண்டேன். பாதி சாப்பிட்டபோது, “ஊருக்குக் கொண்டுபோய்த்தான் எல்லாம் பண்ணணுமா?” என்றார்.

“ஆமாம் மாமி. முழுசாப் பிரிச்சு, மண்ணெண்ணெயில் கழுவி, பெயின்ட் அடிச்சு ஓட்டிப் பார்க்கணும்.”

விஜயவாடாவில் மாமி வேறு இடம் கேட்டுப் போய்விட்டார்.

சென்ட்ரலில் இருந்து பிராட்வே பஸ் ஸ்டாண்டு கூப்பிடு தூரம். மீன்பாடி வண்டியில் ஏற்றினோம். ஓட்டியவர் கோணிக்குள் கையைவிட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, “உள்ள இன்ஜின் கீதா சார்? குட்த்துட்டுப் போ. நம்ம வண்டில மாட்டிக்கறேன்” என்று விலை பேசினார். நாக்பூரை விட்டுக் கிளம்பியதிலிருந்து அந்த வண்டியை மதித்த முதல் ஆள் அவர்தான்.

அடுத்து ராணிப்பேட்டை பஸ்ஸின் கூரை. அந்தக் காலத்துப் பஸ்ஸுக்குப் பின்னால் ஏணியும் மேலே கம்பித் தடுப்பும் இருக்கும். வாழைத்தாரும் கோழிக்கூடையும் கல்யாண அண்டாவும் அங்கேதான் பயணம் செய்யும். இரண்டு கூலியாட்கள் கயிறு கட்டி இழுத்து மேலே போட்டார்கள். கண்டக்டர் அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: “அதுக்குத்தான் சக்கரம் இருக்கே, அப்புறம் எதுக்கு பஸ்ஸு?” இந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதிலில்லை.

வீட்டுத் திண்ணையில் கோணியைப் பிரித்தபோது அம்மா பக்கத்தில் நின்று பார்த்தாள். “ஆரஞ்சு எங்கடா?” வைக்கோலை உதறினேன். கூடையிலிருந்து எப்படியோ நழுவிவந்த ஆரஞ்சுகள் இரண்டு உருண்டு விழுந்தன. அம்மா அவற்றை எடுத்துத் துடைத்தாள். “இதுக்கா 1,800 ரூபா?”

உள்ளூர் மெக்கானிக் வந்தார். அந்தத் தொழிற்சாலையிலேயே வேலை பார்த்தவர். வண்டியைச் சுற்றி வந்து இன்ஜினைத் தட்டி, “நம்ம வூட்டுப் புள்ள தம்பி இது. இந்த போல்ட்டுல ஒண்ணாவது நான் முடுக்குனதா இருக்கும்” என்று உருகினார். உருகி முடித்துவிட்டு, ஸ்பேர் கிடைக்காது என்றார்.

அதன் பிறகுதான் காகிதப் படலம். 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, வேறு மாநிலப் பதிவு வண்டியை இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்தாக வேண்டும். அதற்குப் பழைய ஊர் அலுவலகத்தின் என்.ஓ.சி. வேண்டும். விண்ணப்பத்தில் சேஸிஸ் நம்பரின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்து ஒட்ட வேண்டும். வெங்காயச் சருகையும் துருவையும் உப்புத்தாளால் சுரண்டச் சுரண்ட நம்பர் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. கடைசி இலக்கம் மூன்றா எட்டா என்று நானும் மெக்கானிக்கும் சண்டை போட்டுக்கொண்டோம். எட்டுதான். தாள்கள் தபாலில் நாக்பூர் போய்வந்து, என்.ஓ.சி. கைக்குக் கிடைத்தபோது வண்டி ஓட ஆரம்பித்திருந்தது, தெருமுனை வரை.

தூர தேசத்தில் பழைய சின்ன வண்டி வாங்க உத்தேசித்திருப்பவர்களுக்குச் சொல்லிக்கொள்வது இதுதான்: முதலில் என்.ஓ.சி.யைக் கையில் வாங்குங்கள், பிறகு காசைக் கொடுங்கள். பெட்ரோலை நண்பன் வீட்டிலேயே காலி செய்துவிடுங்கள். ஸ்டேஷன் வாசலில் லூனாக்காரர்கள் காத்திருப்பார்கள். ரயிலில் யாராவது பின்னால் என்ன வருகிறது என்று கேட்டால், சாப்பிட்டு முடித்தபின் பதில் சொல்லுங்கள்.