அமிர்தி மலைப்பாதையும் மூன்று இருக்கைகளும்: கார் தேர்வு பற்றிய ஓர் ஆய்வேட்டுச் சுருக்கம்

தோலைப் பற்றிய ஆய்வுக்குக் குறைவில்லை. 1948இல் சென்னையில் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் முக்கால் நூற்றாண்டாக அதைத்தான் செய்துவருகிறது. ஆவாரம்பட்டைப் பதனிடலிலிருந்து குரோம் பதனிடல்வரை, பாலாற்றில் கலந்த கழிவிலிருந்து கப்பலேறும் ஷூவரை எல்லாவற்றுக்கும் அறிக்கை உண்டு. ஆனால் அந்தத் தோலை விற்ற காசில் ஆம்பூர்க்காரர் ஒருவர் கார் வாங்கக் கிளம்பினால் அவர் வீட்டில் என்ன நடக்கிறது என்பது பற்றி ஒரு வரி இல்லை. ஆய்வுலகின் இப்பெரும் வெற்றிடத்தை நிரப்பும் பொருட்டே இவ்வாய்வு மேற்கொள்ளப்பட்டது. வெற்றிடத்தால் யாருக்கும் எந்தச் சிரமமும் இருக்கவில்லையே என்று நெறியாளர் கேட்டார். அது அவருடைய தனிப்பட்ட கருத்து.

ஆய்வுக்களம் அமிர்தி. வேலூரிலிருந்து அடுக்கம்பாறை, கணியம்பாடி வழியாகச் சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர் வந்தால் ஜவ்வாது மலையின் அடிவாரம். 1967இல் அமைந்த சிறிய விலங்கியல் பூங்கா, மழைக்காலத்தில் ஓர் அருவி, அதற்கு மேல் ஜமுனாமரத்தூர் போகும் மலைப்பாதை. ஆம்பூரிலிருந்து கிளம்பும் குடும்பம் முதலில் 48ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் ஐம்பது கிலோமீட்டர் வெயிலில் ஓட வேண்டும், இது பாலை. வேலூர் ஊருக்குள் ஆட்டோவுக்கும் பஸ்ஸுக்கும் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த கூட்டத்துக்கும் நடுவே முதல் கியரில் ஊர்வதற்குத் தொல்காப்பியர் திணை வகுக்கவில்லை. கணியம்பாடிப் பக்கத்து வயல் மருதம், அமிர்திக் காடு முல்லை, மேலே வளைவுகள் குறிஞ்சி. நெய்தலுக்குப் பாலாற்றைக் காட்டலாமா என்று யோசிக்கப்பட்டது. மணல் மட்டும் பொருந்தியது. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஒரு காரின் எல்லாக் குணங்களையும் வெளியே இழுத்துப் போடும் வேறு பாதை இவ்வட்டாரத்தில் இல்லை என்பது ஆய்வாளரின் துணிபு.

இனி கருதுகோள். கார் வாங்குவோர் மூன்றை எதிர்பார்க்கிறார்கள்: ஓட்ட சுகமாக இருக்க வேண்டும், நடுவழியில் நிற்கக் கூடாது, பெட்ரோல் குடிக்கக் கூடாது. இம்மூன்றையும் ஒரே மனிதன் தன் மனத்துக்குள் தராசு வைத்து நிறுக்கிறான் என்பது இதுவரை நிலவிவரும் கொள்கை. இவ்வாய்வு அதை மறுக்கிறது. மூன்றும் மூன்று இருக்கைகளில் உட்கார்ந்திருக்கின்றன. சுகம் ஸ்டியரிங் பிடிக்கும் மகனுக்கு. சிக்கனம் பக்கத்தில் உட்கார்ந்து பெட்ரோல் பங்கில் பணம் கொடுக்கும் அப்பாவுக்கு. நம்பகம் பின்சீட்டில் டிபன் கேரியரை மடியில் வைத்திருக்கும் அம்மாவுக்கு. வண்டி நின்றால் சாலையோரம் நிற்கப் போவது அவர்தான். ஆகவே கார் தேர்வு என்பது இயந்திரவியல் சார்ந்தது அன்று, குடும்ப அரசியல் சார்ந்தது என்பது பெறப்படும்.

முதலில் சிக்கனம், பணம் கொடுப்பவரை முதலில் வைப்பதே மரபு என்பதால். புதுக் கார் வாங்கியவரை இவ்வட்டாரத்தில் எவரும் நிறத்தைக் கேட்பதில்லை, விலையைக் கேட்பதுகூட இரண்டாவதுதான். “இன்னா பாய், எவ்ளோ குடுக்குது?” என்பதே முதல் வினா. கொடுப்பது கார், வாங்குவது நாம் என்ற நம்பிக்கை இதில் தொனிப்பது ஈண்டு நோக்கத்தக்கது. பதிலாகச் சொல்லப்படும் எண் பெரும்பாலும் கம்பெனி விளம்பரத்தில் இருப்பது. அது பிறந்த இடம் ஆய்வுக்கூடம். உருளைகள்மேல் சக்கரத்தை நிறுத்தி, மணிக்கு 90 கிலோமீட்டரைத் தாண்டாத ஒரு வேக அட்டவணைப்படி, ஏசி போடாமல் ஓட்டி எடுத்த எண் அது. மே மாதத்தில் பள்ளிகொண்டா சுங்கச்சாவடியில் ஏசி போடாமல் நிற்கும் குடும்பத்தை ஆய்வாளர் இன்னும் சந்திக்கவில்லை. காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவது. 80இல் போகும்போது இருந்ததைவிட 100இல் ஒன்றரை மடங்குக்கு மேல். பெட்ரோலில் இப்போது ஐந்தில் ஒரு பங்கு எத்தனால், அதில் லிட்டருக்கு லிட்டர் மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. விளம்பரத்து எண்ணுக்கும் பெட்ரோல் பங்க் ரசீதுக்கும் உறவு இருக்கிறது. ஒன்றுவிட்ட உறவு.

இதைவிடப் பெரிய சிக்கல் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற அந்த அலகிலேயே இருக்கிறது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் லாரிக், சோல் என்ற இருவர் 2008இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரை இதைத்தான் பேசுகிறது. ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் ஓடும் ஒருவர் லிட்டருக்கு 10 கொடுக்கும் வண்டியை விற்று 12 கொடுப்பதை வாங்கினால் 167 லிட்டர் மிச்சம். 20 கொடுப்பதை விற்று 22 கொடுப்பதை வாங்கினால் மிச்சம் 45 லிட்டர். இரண்டு இடத்திலும் வித்தியாசம் ‘ரெண்டு கிலோமீட்டர்’தான். பின்னதில் மாதம் நானூறு ரூபாய்கூடத் தேறாது. ஆனால் ஷோரூமில் அந்த இரண்டுக்காகத்தான் குடும்பமே பிரிந்து நிற்கிறது. ஐரோப்பாவில் நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று கேட்கிறார்கள். அப்படிக் கேட்டால் இந்த மயக்கம் வராது. ஆனால் அப்படிக் கேட்டால் ஆம்பூர் டீக்கடையில் பேச்சும் வளராது.

இங்கே ஒரு முரண் பதிவு செய்யப்பட வேண்டும். ஒரு தகவலாளர், தோல் வியாபாரி, ஷோரூமில் உயர்ந்த மாடல் ஒன்றின் கதவைத் திறந்தார். ‘லெதர் சீட்’ என்றார் விற்பனைப் பையன். இவர் உட்காரவில்லை. கட்டைவிரலைச் சீட்டின்மேல் அழுத்தி, விரலைச் சுற்றிச் சுருக்கம் எப்படி ஓடுகிறது என்று குனிந்து பார்த்தார். சுருக்கம் ஓடவில்லை, குழி மட்டும் விழுந்தது. தையலோரத்தை நகத்தால் நெம்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார், துணி. “ரெக்சினு” என்று கதவைச் சாத்திவிட்டார். சதுர அடிக் கணக்கில் தோல் வாங்கும் கை அது. எந்தச் சீட்டையும் நம்பாது, தடவிப் பார்த்தே விலை சொல்லும். அதே மனிதர் அடுத்த நிமிடம் கண்ணாடியில் ஒட்டியிருந்த மைலேஜ் எண்ணை ஒரு கேள்வியும் கேட்காமல் நம்பினார். எண்ணைத் தடவிப் பார்க்க முடியாது என்பதே காரணமாகலாம்.

நம்பகத்துக்கு வருவோம். இதன் பொருள் தலைமுறைக்குத் தலைமுறை மாறியிருக்கிறது. 1950களின் இறுதியில் தொடங்கி 2014வரை உத்தர்பாராவில் தயாரான அம்பாசடர் நிற்காத வண்டி அன்று, நன்றாக நிற்கும். ஆனால் நின்ற இடத்தில் லாரி மெக்கானிக் போதும், சைக்கிள் கடைக்காரர்கூடத் துணிந்து கைவைப்பார். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800க்குப் பிறகுதான் நம்பகம் என்பது பானட்டைத் திறக்காமலிருப்பது என்றாயிற்று. இன்றைய வண்டி நிற்பது அபூர்வம். நின்றால் லேப்டாப்போடு ஆள் வர வேண்டும். ஆகவே நம்பகத்துக்கு இவ்வாய்வு புதிய அளவை முன்வைக்கிறது: வண்டி நின்ற இடத்துக்கும் ஸ்பேர் கிடைக்கும் இடத்துக்கும் உள்ள தூரம். அமிர்தி மலைமேல் எந்த வண்டிக்கும் இத்தூரம் கூடுதல்தான்; ஆனால் ஊரில் நிறைய ஓடும் வண்டிக்கு அது வேலூரோடு முடியும், ஊருக்கு ஒன்றாக இருக்கும் வண்டிக்குச் சென்னைவரை நீளும்.

மூன்று இருக்கையின் ஒப்புதலும் வேண்டும் என்பதற்குத் தமிழ்நாட்டு வரலாறு இரு சான்றுகள் தருகிறது. 1985இல் வண்டலூர்ப் பக்கத்து ஸ்டாண்டர்டு கம்பெனி ‘ஸ்டாண்டர்டு 2000’ என்ற காரைக் கொண்டுவந்தது. மேலுடம்பு, 1977இல் ஐரோப்பாவின் ‘ஆண்டின் சிறந்த கார்’ விருது பெற்ற ரோவருடையது. உள்ளே 1940களின் வான்கார்டு வம்சத்து இன்ஜின். மாப்பிள்ளைக்குக் கோட்டு சூட்டு தைத்துப் போட்டு உள்ளே தாத்தாவை அனுப்பினார்கள். சுகமும் இல்லை, சிக்கனமும் இல்லை; 1988இல் கதை முடிந்தது. அறிஞர் அண்ணா விலங்கியல் பூங்கா வண்டலூரில் திறக்கப்பட்டதும் அதே 1985. அமிர்தியிலும் விலங்கியல் பூங்கா. காருக்கும் விலங்கியல் பூங்காவுக்கும் ஆழ்ந்த தொடர்பு இருப்பதாக ஆய்வாளர் ஓர் இயல் முழுதும் எழுதியிருந்தார்; நெறியாளர் நீக்கிவிட்டார்.

இரண்டாம் சான்று மறைமலைநகர். அங்கே ஃபோர்டு தயாரித்து 1999இல் விற்பனைக்கு வந்த ஐகான், ஓட்டத் தெரிந்தவர்கள் கொண்டாடிய வண்டி. வளைவில் அது நின்று திரும்பும் விதத்தைப் பற்றிப் பேசும்போது நடுத்தர வயது ஆண்களின் குரல் இன்றும் தழுதழுக்கிறது. மைலேஜைப் பற்றிக் கேட்டால் தொண்டையைச் செருமிக்கொள்கிறார்கள். இந்தியாவில் தயாரிப்பை நிறுத்துவதாக 2021இல் கம்பெனி அறிவித்தது. மறுஆண்டு மறைமலைநகர் ஆலை ஓய்ந்தது. ஓட்டுபவருடைய வாக்கு மட்டும் விழுந்தால் வேட்பாளர் வெல்ல முடியாது என்பது இதிலிருந்து உய்த்துணரத்தக்கது.

சுகம் அவ்வளவு செலவு பிடித்ததா? இங்குதான் இவ்வாய்வு பெருமைப்படும் கணக்கு வருகிறது. ஒரு டன் எடையுள்ள வண்டியை 500 மீட்டர் உயரம் தூக்க ஏறக்குறைய 49 லட்சம் ஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 320 லட்சம் ஜூல் இருக்கிறது. இன்ஜின் அதில் கால் பங்கு அளவுக்கே சக்கரத்துக்குத் தருகிறது, மிச்சம் சூடாகப் போகிறது. ஆக, மலையேற்றத்துக்கென்று தனியாக ஆகும் பெட்ரோல் அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல். ரூபாயில் அறுபது. ஆம்பூரில் ஒரு பிளேட் மட்டன் பிரியாணியின் விலையில் பாதிகூட இல்லை. ஆண்டுக்கு இரண்டு முறை மலையேறும் மகனின் சுகத்துக்கு ஒரு பிளேட் பிரியாணிகூட ஆகவில்லை. இதற்காகத்தான் அப்பா நெடுஞ்சாலை முழுக்கப் பெட்ரோல் முள்ளைப் பார்த்துக்கொண்டு வருகிறார். அதே நெடுஞ்சாலையில் வேகத்தை நூற்றிலிருந்து எண்பதுக்குக் குறைக்கச் சொல்லியிருந்தால் மலைச் செலவு அங்கேயே ஈடாகியிருக்கும்.

இறக்கம் பற்றித் தனியே சொல்ல வேண்டும். மலையிறங்கும்போது நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்பது கார்புரேட்டர் காலத்து நம்பிக்கை. இன்றைய வண்டியில் கியரில் வைத்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், இன்ஜின் வேகம் ஓர் அளவுக்குக் கீழே இறங்கும்வரை இன்ஜெக்டர் பெட்ரோலையே விடாது. நியூட்ரலில்தான் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கத் துளித்துளியாகக் குடிக்கும். சிலர் ஒரு படி மேலே போய் இன்ஜினையே அணைக்கிறார்கள். அப்போது பிரேக்குக்கான வெற்றிட உதவி இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துபோகும், ஸ்டியரிங் கல்லாகும். அடிவாரத்தில் பிரேக் கருகும் வாடையோடு வந்து நின்ற வண்டி ஒன்றைச் சுற்றிவந்த மெக்கானிக் சொன்னது தரவாகக் கொள்ளத்தக்கது: “எறக்கத்துல கியர்லயே உடு சார். நியூட்டர்ல உட்டா பெட்ரோலும் போவும், பிரேக்கும் வேவும்.” அப்பாவின் சிக்கனம் அம்மாவின் நம்பகத்தைத் தின்னும் இடம் இது ஒன்றே.

செலவு யாருடையது என்ற வினாவுக்கு விடை இந்த மண்ணிலேயே இருக்கிறது. தோல் கழிவு பாலாற்றைக் கெடுத்த வழக்கில், வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த மனுமீது 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்சநீதிமன்றம் தந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டையும், கேடு வருமுன் காக்கும் முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டையும் நாட்டின் சட்டத்தில் பதித்தது. முன்னதன்படி ஆக்சிலரேட்டரை மிதிப்பவரே பங்கில் பணம் தர வேண்டும். மகன்கள் இதை மேல்முறையீட்டில் எதிர்க்கிறார்கள். பின்னது ஏற்கெனவே நடைமுறையில் உள்ளது. “மெல்லப் போடா” என்று பின்சீட்டிலிருந்து வளைவுக்கு வளைவு வருவது அதுவே.

மூன்று இருக்கையும் ஒத்துப்போகும் குணம் உண்டா என்று தேடியதில் ஒன்றே அகப்பட்டது: எடைக்குறைவு. இலேசான வண்டி வளைவில் சொன்னபடி கேட்கும், குறைவாகக் குடிக்கும், பிரேக்கும் டயரும் தேய நாளாகும். ஆனால் ஊர் எதிர்த்திசையில் போகிறது. நான்கு மீட்டருக்குள் அடங்கும் சிறிய வண்டிக்கு 2006 பட்ஜெட்டில் வரி குறைந்தது. அந்த நான்கு மீட்டருக்குள்ளேயே இன்று எஸ்யூவி என்ற பெயரில் உயரமும் கனமும் ஏற்றி நிற்கவைக்கிறார்கள். மோதினால் காப்பாற்ற வேண்டுமே என்று அம்மா கேட்பது நியாயம். அதற்குப் பார்க்க வேண்டியது 2023 முதல் பாரத் என்கேப் மோதல் சோதனை தரும் நட்சத்திரத்தை, பானட்டின் உயரத்தை அன்று. நல்ல நட்சத்திரமும் ஒரு டன் சுமாரான எடையும் கொண்ட, ஊரில் நிறைய ஓடும் பெட்ரோல் ஹேட்ச்பேக்கை, ஏசி போட்ட மதியத்தில் நான்கு பேரோடு மேட்டில் ஓட்டிப் பார்த்து வாங்குவதே ஆய்வாளரின் பரிந்துரை. சி.என்.ஜி. பரிசீலிக்கப்பட்டது, டிக்கியில் சிலிண்டர் இருந்தால் பிரியாணி அண்டா எங்கே போகும் என்ற வினாவோடு பரிசீலனை முடிந்தது.

மேலாய்வுக்குரியவை இரண்டு. ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் 2024 செப்டம்பரில் டாடா ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. ஜாகுவார் லேண்ட் ரோவர் தோல் மண்டலத்திலேயே தயாரானால் தகவலாளரின் கட்டைவிரல் எந்தச் சீட்டைத் தேடும் என்பது ஒன்று. மின்சாரக் கார் இறக்கத்தில் தானே சார்ஜ் ஏற்றிக்கொள்ளும்போது அந்த மின்சாரம் மிதித்தவனுக்குச் சேருமா, கரண்ட் பில் கட்டியவருக்குச் சேருமா என்பது இரண்டு.

களப்பணிக்குக் காரை இரவல் தந்த மைத்துனருக்கு நன்றி. வளைவுகளில் திரட்டிய தரவுக்காக அவருடைய முன்டயர்கள் தேய்ந்தது இவ்வாய்வின் எல்லைக்குள் வரவில்லை. அவர் கேட்டால் நெறியாளரிடம் பேசிக்கொள்ளட்டும்.