காயா, பழமா?

கேள்வி: தாயம், சதுரங்கம், கரம் எல்லாவற்றிலும் நகர்த்துவதைக் 'காய்' என்கிறோமே, ஏன்? (வேலணை)

பதில்: எதை வைத்தாலும் காய்தான். புளியங்கொட்டை, உடைந்த வளையல் துண்டு, சோகி, சட்டைப் பொத்தான், எல்லாம் தாயக் கட்டத்தில் இறங்கியதும் ஒரே சாதி. வெட்டுப்படாமல் சுற்றிவந்து நடுக்கட்டத்தில் ஏறினால் 'பழம்'. பொத்தான் பழுக்கிற ஒரே இடம் அதுதான். சதுரங்கத்தில் அந்த வசதியும் இல்லை. ராசாவே கடைசிவரை காய். கரத்தில் இன்னும் கேவலம், குழிக்குள் விழுந்தால் வெற்றி என்கிறார்கள். அது விளையாட்டல்ல, விரல் வலி.

கேள்வி: காய்கறி விலை எப்போது இறங்கும்? (ஊர்காவற்றுறை)

பதில்: சென்னைச் சஞ்சிகைகள் அதிகம் வாசிக்கிறீர்கள். இங்கே இறங்காமல் நிற்பது மரக்கறி விலை.

கேள்வி: தேங்காய் எவ்வளவு முற்றினாலும் பழம் ஆவதில்லையே? (புங்குடுதீவு)

பதில்: தென்னையின் பேச்சை என்னிடம் எடுக்கவேண்டாம் என்று எத்தனை தரம் சொல்வது! பனையைப் பாருங்கள். முதலில் நுங்கு, பிறகு காய், பிறகு பழம். விதையைப் பாத்தியில் புதைத்தால் கிழங்கு. அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியல், பச்சையாய்க் காயவிட்டால் ஒடியல், அதை இடித்தால் கூழுக்கு மா. ஆனால் பனையிலும் ஒரு வேடிக்கை உண்டு. நன்றாகப் பழுத்ததைப் பிசைந்து களி எடுத்து, கோதுமை மாவும் சீனியும் சேர்த்துப் பொரித்துவிட்டு, 'பனங்காய்ப் பணியாரம்' என்கிறோம். பழுத்தும் தன்னைக் காய் என்றே சொல்லிக்கொள்வது பனையின் அடக்கம். நம் எழுத்தாளர்கள் சிலரிடம் இது நேர்மாறு.

கேள்வி: அரசியல்வாதிகள் காய் நகர்த்துகிறார்கள் என்று செய்தி வருகிறதே? (அனலைதீவு)

பதில்: வரும். நகர்த்தப்படுகிற காய்கள் குறிகட்டுவானில் படகுக்கு வரிசையில் நிற்கின்றன.

கேள்வி: என் கூட்டாளி கொஞ்ச நாளாக எனக்குக் காய் வெட்டுகிறான். காரணம்? (எழுவைதீவு)

பதில்: கடன் கொடுத்தீர்களா?

கேள்வி: 'கனி வந்துவிட்டது' என்று என் வெண்பாவைத் திருப்பி அனுப்பினீர்கள். இனிப்பு ஆகாதா? (நெடுந்தீவு)

பதில்: எனக்கு ஆகும், வெண்பாவுக்கு ஆகாது. மூவசைச் சீர் நேரசையில் முடிந்தால் காய், நிரையசையில் முடிந்தால் கனி. தேமாங்காய்க்குக் கதவு திறக்கும். தேமாங்கனி படலையோடு திரும்பவேண்டியதுதான். 1330 குறளும் வெண்பா என்பதால் அங்கே கனிச்சீருக்கு இடமில்லை. பழத்தை விட்டுக் காயைத் தின்னாதே என்று வள்ளுவர் புத்தி சொல்லும் 100ஆம் குறளை அலகிட்டுப் பாருங்கள். 'கனி' என்று தொடங்கும் சீரே கருவிளங்காய்! ஊருக்குக் கனி, தனக்குக் காய்.

கேள்வி: பிள்ளைகள் எல்லோரும் கனடாவில். பின்னேரங்களில் நானும் மனிசியும் தாயம் போடுகிறோம். பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள். (நயினாதீவு)

பதில்: சிரிக்கட்டும் ஐயா. 1990களின் தொடக்கத்தில் சனம் விட்டுப்போன வீடுகள் பல தீவுகளில் இன்னும் இடிந்து கிடக்கின்றன. திண்ணை மிஞ்சியும் ஆளில்லை. உங்கள் வீட்டில் இருவர் இருக்கிறீர்கள். தாயம் விழுந்தால்தான் காய் இறங்குமா, ஒரு வெட்டாவது வெட்டினால்தான் உள்ளே போகலாமா, எந்தக் கட்டத்தில் வெட்டக்கூடாது என்பதெல்லாம் ஊருக்கு ஊர் வேறு. உங்கள் ஊர் வழக்கம் உங்கள் கையில் இருக்கிறது. அயல் வீட்டுப் பிள்ளைகளையும் ஆட்டத்தில் சேருங்கள். கனடாவிலிருந்து அழைப்பு வந்தால் பேரப்பிள்ளைக்கும் ஒரு காய் ஒதுக்கி, அவன் சொல்லச் சொல்ல நகர்த்துங்கள்.

மற்றத் தீவுக்காரருக்கும் ஒரு வேண்டுகோள்: உங்கள் ஊர்த் தாய விதிகளைக் கொப்பியில் எழுதிவைத்து, ஒரு பிரதி எனக்கும் அனுப்புங்கள். வெண்பாவில் வேண்டாம்.