பூனைவணங்கி

லண்டனிலிருந்து வந்த மருமகன் எனக்கு சொக்லேட் கொண்டுவரவில்லை. சீனி வருத்தக்காரனுக்கு விதைப் பக்கெட்டே போதும் என்று நினைத்திருப்பான். "மாமா, இது கேட்மின்ட். வளர்ந்துச்சுன்னா ஊர்ப் பூனை எல்லாம் வந்து உருளும்" என்றான்.

பூனை உருள்வதால் எனக்கென்ன லாபம் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. பேராதனைப் பூங்காவில் 1821 முதல் சீமைச் செடிகள் வளர்கின்றன, கட்டுகஸ்தோட்டையில் என் யோகட் கோப்பையில் ஒன்று வளராதா?

அதற்கு நல்ல வெயில் வேண்டும், வேரில் ஈரம் நிற்கக் கூடாது. எங்கள் ஊரிலோ கொடியில் போட்ட சாரமே மூன்று நாள் காயாது. பத்து முளைத்தன. எட்டு அழுகின, ஒன்றை நத்தை தின்றது. மிஞ்சியதைத் தொட்டிக்கு மாற்றிக் குடைபிடித்து வளர்த்தேன். உவமை இல்லை, கறுப்புக் குடையேதான். சாம்பல் பூத்த பச்சையில், ஓரம் அரிந்த இலைகள். தடவினால் மெல்லிய பூனைமயிர்.

பக்கத்து வீட்டுப் பூனை சுது வந்தது, மோந்தது, போய்விட்டது. லண்டனுக்குப் போன் போட்டேன். "எல்லாப் பூனைக்கும் ஏறாது மாமா, அது பரம்பரைக் குணம்" என்றான். குடும்ப மருத்துவம் பார்த்துத்தான் பூனை பிடிக்க வேண்டும் போலிருக்கிறது.

அந்த வாரம் டெங்கு பார்க்க பீ.எச்.ஐ. வந்தார். "ஐயா, இந்தச் செடி நுளம்பையே விரட்டும். பூனை இந்த மாதிரிச் செடியில உடம்பைத் தேய்க்கிறதே நுளம்புக்குத்தான் என்று 2021இல் ஜப்பான்காரர்கள் கண்டுபிடிச்சிருக்காங்க" என்றேன். அவர் மறுபேச்சுப் பேசாமல் தொட்டிக்கு அடியிலிருந்த தட்டில் டோர்ச் அடித்தார். குடம்பிகள் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டிருந்தன.

அவமானத்தில் அன்றே முற்றத்தைத் துப்புரவாக்க இறங்கினேன். மதில் ஓரம் முழுக்கக் குப்பைமேனி. வருடா வருடம் பிடுங்கி எறிகிற களைதான். அம்மா இருந்தபோது இலையை மஞ்சளோடு அரைத்து எங்கள் சொறிக்குப் பூசுவார். நாலைந்தை வேரோடு பிடுங்கிப் போட்டுவிட்டு தேத்தண்ணி குடிக்க உள்ளே போனேன்.

திரும்பி வந்தால் சுது மல்லாந்து கிடக்கிறது. வேரைக் கட்டிப்பிடித்து, கன்னத்தைத் தேய்த்து, வாயில் எச்சில் வடிய உருள்கிறது. பக்கத்தில் முன்பின் தெரியாத இரண்டு கடுவன்கள். மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து நோனா எட்டிப் பார்த்தார். "மாத்தயா, பூனைக்கு என்ன குடுத்தீங்க?"

குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்றும் ஒரு பெயர் உண்டு. பெயர் வைத்தவர் இந்தக் காட்சியைப் பார்த்துத்தான் வைத்திருக்க வேண்டும். கேட்மின்ட்டில் பூனையை மயக்கும் சரக்குக்கு நெருங்கிய உறவு ஒன்று இதன் வேரில் இருக்கிறதாம். எத்தனை வருடமாக அதைப் பிடுங்கிக் குப்பை லொறிக்குக் கொடுத்தேனோ!

சரி, குடைபிடித்த பிள்ளையையாவது பார்ப்போம் என்று தொட்டிப் பக்கம் போனேன். நாலு காம்பு நின்றது.

"என்னங்க, தொட்டியில மின்சி நல்லா வந்திருந்திச்சு. சம்பல் அரைச்சிட்டேன்" என்றாள் மனைவி, தோசைக்கல்லைப் பார்த்தபடி.

லேசான கசப்பு. தோசை ஐந்து போயிற்று. கைகழுவாமல் படியில் வந்து உட்கார்ந்தேன். உருண்டு களைத்த சுது எழுந்து வந்து என் விரலை மோந்தது. பிறகு மதில் ஓரமே திரும்பிப் போய்விட்டது.