அம்பத்தூர் வரை கடல் வராது

மதராஸைத் தாக்கக் கடல்வழியே கிளம்பிய எதிரிகள் இரண்டு ரகம். சொல்லாமல் கொள்ளாமல் வந்தவர்கள் ஒரு ரகம். வருகிறேன் வருகிறேன் என்று ஊரைக் கலக்கிவிட்டு வராமலே போனவர்கள் இன்னொரு ரகம். முதல் ரகத்துக்கு ஊர் விளக்கேற்றி வழி காட்டியது. இரண்டாவது ரகத்துக்குப் பயந்து மூட்டை கட்டிக்கொண்டு மேற்கே ஓடியது. மேற்கே என்றால் வேறெங்கே, எங்கள் பக்கம்தான்: அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி. சென்னையின் கடற்போர் வரலாற்றை ஏரித் தண்ணீர் குடித்து வளர்ந்த ஒருவன் எழுதுவதில் ஒரு நியாயம் இருக்கிறது. அந்தப் போர்களில் பெரும்பகுதி எங்கள் தெருவில்தான் நடந்தது.

1746இல் பிரெஞ்சுக்காரர் லா பூர்தொனே கப்பல்களோடு வந்து கோட்டையையே பிடித்துக்கொண்டது பழைய கதை. பிறகு ஐரோப்பாவில் உட்கார்ந்து பேசி, கனடாப் பக்கம் இருந்த லூயிஸ்பர்க் கோட்டையைப் பிரான்ஸுக்குக் கொடுத்து, மதராஸை இங்கிலாந்து திரும்ப வாங்கிக்கொண்டது. மயிலாப்பூர்க்காரர் யாரையும் கேட்கவில்லை. அதை விட்டுவிடுவோம்.

சொல்லாமல் வந்த ரகத்தில் முதல் மரியாதை எம்டனுக்கு. 1914 செப்டம்பர் 22 இரவு ஒன்பதரை மணி வாக்கில் இந்த ஜெர்மன் கப்பல் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்றது. அப்போது கலங்கரை விளக்கம் உயர் நீதிமன்றக் கட்டடத்தின் உச்சியில் இருந்தது. உலகப் போர் தொடங்கி ஒன்றரை மாதம் ஆகியும் அதை அணைக்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கேப்டன் கார்ல் ஃபான் முல்லர் ஏறத்தாழ 125 குண்டுகளைப் போட்டார். பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன, சில உயிர்கள் போயின. நம் பக்கத்துப் பீரங்கிகளும் சும்மா இருக்கவில்லை, ஒன்பது குண்டு சுட்டன. ஒன்பதும் வங்காள விரிகுடாவில் சரியாக விழுந்தன. அரை மணி நேரத்தில் எம்டன் கிளம்பிப் போனது. மறுநாளிலிருந்து மதராஸும் கிளம்பியது.

இந்த ஓட்டத்தைக் கேலி செய்யக் கூடாது. எம்டனின் பீரங்கி சுமார் 12 கிலோமீட்டர்தான் சுடும். துறைமுகத்திலிருந்து அம்பத்தூர் நேர்க்கோட்டில் பார்த்தாலே 15 கிலோமீட்டர். அதாவது 1914இல் அம்பத்தூருக்கு ஓடியவர் ராணுவ விஞ்ஞானப்படி ஓடினார். ரயிலுக்கும் குறைவில்லை. 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை போட்ட தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. வியாபாரத்துக்குப் போட்டதாகச் சொல்வார்கள். ஓடுவதற்கு இவ்வளவு வசதியாக அமைந்தது தற்செயல் என்றே வைத்துக்கொள்வோம்.

இரண்டாவது ரகத்துக்கு வருவோம். இங்கேதான் கதை சூடு பிடிக்கிறது.

கடற்படைகள் நிஜப் போருக்கு முன்னால் மேஜைப் போர் நடத்தும். வரைபடத்தை விரித்து, ஆளுக்கொரு கட்சியாகப் பிரிந்து, கப்பல்களை நகர்த்தி, குண்டு பட்டதா இல்லையா என்பதைக் கட்டை உருட்டித் தீர்மானிப்பார்கள். நம் வீட்டுத் திண்ணைத் தாயம்தான். அட்மிரல்கள் சம்மணம் போட்டு உட்காரமாட்டார்கள், அவ்வளவுதான். 1942 பிப்ரவரியில், சிங்கப்பூர் விழுந்த சூட்டோடு, யமாடோ என்ற மகா போர்க்கப்பலில் ஜப்பானியர்கள் இப்படி ஓர் ஆட்டம் போட்டார்கள். பலகையில் இலங்கை. கடற்படைக்கு அதைப் பிடிக்க ஆசை. பார்க்க வந்திருந்த தரைப்படைக்காரர்கள், “எங்களிடம் ஆள் இல்லை, சீனாவில் வேலை கிடக்கிறது” என்ற தொனியில் கை விரித்துவிட்டார்கள். ஆக, இலங்கையில் இறங்குவது இல்லை, போய் ஒரு தட்டு தட்டிவிட்டு வருவது என்று முடிவானது. மதராஸை எடுப்பது பற்றிப் பேச்சே இல்லை.

இந்தத் தகவலை மதராஸுக்கு யாரும் தெரிவிக்கவில்லை.

மார்ச்சில் ரங்கூன் போனது, அந்தமான் போனது. ஏப்ரல் 5 ஈஸ்டர் ஞாயிறன்று அட்மிரல் நகுமோவின் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து கிளம்பிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் வேறொரு ஜப்பானிய அணி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டது. 9ஆம் தேதி திருகோணமலை. மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கி மூழ்கியது. நம்மைக் காப்பாற்ற வேண்டிய அட்மிரல் சோமர்வில் தன் கப்பல்களை முதலில் மாலத்தீவில் ஒளித்து வைத்தார். பிறகு பெரும்பகுதியை ஆப்பிரிக்காவில் மொம்பாசாவுக்கே ஓட்டிக்கொண்டு போய்விட்டார். மதராஸ்காரன் ஆவடிக்கு ஓடியதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் இந்தத் தூரத்தையும் ஒரு தடவை அளந்து பார்க்கட்டும்.

அதே வாரத்தில் கவர்னர் ஆர்தர் ஹோப்பின் அரசாங்கத்துக்கு ராணுவத் தரப்பிலிருந்து ஒரு சேதி வந்தது: ஜப்பானியப் படை தென்னிந்தியக் கரையை நோக்கி வருகிறது. சேதி தப்பு. ஆனால் தப்பான சேதிக்குக் கால் அதிகம். அத்தியாவசிய வேலை இல்லாதவர்கள் ஊரை விட்டுப் போகலாம் என்று அரசாங்கம் சொன்னது. தான் அத்தியாவசியமா இல்லையா என்று ஒவ்வொருவரும் யோசித்துப் பார்த்தார்கள். அரசாங்கமும் யோசித்தது. யோசித்து, ஆபீஸ்களை உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றியது. உயர் நீதிமன்றம் கோயம்புத்தூருக்குப் போனது. வாய்தா வாங்கியே பழகிய கட்சிக்காரர்களுக்கு இப்போது கோர்ட்டே வாய்தா வாங்கிக்கொண்டு போனது புது அனுபவம்.

போகும்போது அவசரமாக ஒரு வேலை செய்தார்கள். மூர் மார்க்கெட்டை ஒட்டிய பீப்பிள்ஸ் பார்க்கில் மிருகக்காட்சி சாலை இருந்தது. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் சிங்கம் பார்க் டவுனில் நடமாடுமே என்று, மலபார் ஸ்பெஷல் போலீஸைக் கூப்பிட்டு, மாமிசம் தின்னும் மிருகங்களைச் சுட்டுவிட்டார்கள். அந்த ஏப்ரலில் மதராஸ் நடத்திய ஒரே துப்பாக்கிச் சூடு அது. ஜப்பானியக் கப்பற்படைக்கும் அந்தப் புலிகளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பாவம், அவையாவது ஓடியிருக்கும், கூண்டு பூட்டியிருந்தது.

இதில் வேடிக்கை, திருகோணமலையை முடித்ததும் நகுமோ கப்பல்களைத் திருப்பிவிட்டார். மலாக்கா வழியாக வீட்டுக்கு. சென்ட்ரல் ஸ்டேஷனில் நெரிசல் உச்சத்தில் இருந்தபோது ஜப்பானியர்கள் கிழக்கே போய்க்கொண்டிருந்தார்கள், மதராஸ்காரர்கள் மேற்கே போய்க்கொண்டிருந்தார்கள். உலகக் கடற்போர் வரலாற்றில் இரண்டு தரப்பும் ஒரே நேரத்தில் முதுகு காட்டிய போர் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

பூந்தமல்லி ஹை ரோடில் வண்டி வண்டியாக வந்த கூட்டத்தைப் பற்றி எங்கள் வீட்டில் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். “எவாக்குவேஷன் டயத்துல” என்றுதான் ஆரம்பிப்பாள். அவள் படித்தது மூன்றாம் வகுப்பு, ஆனால் இந்த வார்த்தையில் மட்டும் நாக்குத் தடுக்காது. புரசைவாக்கத்திலிருந்து ஒற்றை மாட்டுவண்டி. அதில் பரணிலிருந்து இறக்கிய பித்தளை அண்டா, தையல் மிஷின், ஊறுகாய் ஜாடிகள், ஒரு மூலையில் பாட்டியின் மாமியார். கிளம்பும் நேரத்தில் அந்த அம்மாள் ஆட்டுக்கல்லை விட்டு நகரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார்.

“அத்தை, அது எதுக்கு? ஜப்பான்காரன் வந்து இட்லிக்கா அரைக்கப் போறான்?”

“அவன் அரைக்க வேணாம்டி. நாம போற ஊர்ல யாரு குடுப்பா?”

ஆட்டுக்கல் வண்டியில் ஏறியது, தாத்தா இறங்கி நடந்தார். அம்பத்தூரில் அப்போது வயலும் ஏரியும்தான். வாடகைக்கு விட வீடு கிடையாது, மாட்டுக்கொட்டகை உண்டு. மாட்டை வெளியே கட்டிவிட்டு உள்ளே குடும்பத்தை விட்டார்கள். மைலாப்பூரில் மாளிகை சீந்துவாரில்லாமல் கிடந்த மாதத்தில் எங்கள் ஊர்த் தொழுவத்துக்கு அட்வான்ஸ் கேட்டார்களாம். எங்கள் பக்கத்தின் ரியல் எஸ்டேட் வரலாறு இங்கேதான் தொடங்குகிறது என்பது என் துணிபு.

ஆனால் ராணுவ விஞ்ஞானம் இந்த முறை காலை வாரிவிட்டது. ஓடியவர்கள் கையில் இருந்தது 1914ஆம் வருஷத்து அளவுகோல். எதிரி பீரங்கியோடு வரவில்லை, விமானத்தோடு வந்தான். கடற்கரையிலிருந்து அம்பத்தூருக்கு விமானத்தில் நாலு நிமிஷம்கூட ஆகாது. பீரங்கி என்றே வைத்துக்கொண்டாலும், அந்த யமாடோவின் பீரங்கி 42 கிலோமீட்டர் சுடும். பூந்தமல்லி அதற்குப் பாதித் தூரம். இது போதாதென்று, போர்க்காலத்திலேயே ராணுவம் தன் தளவாடக் கிடங்குகளை ஆவடியில் கொண்டுவந்து வைத்தது. குண்டு போடுபவன் முதலில் தேடுவது கிடங்கைத்தான். அதை ஆவடிக்கு ஓடிவந்தவர்களிடம் சொல்லிக் கலவரப்படுத்தாதது ராணுவத்தின் பெருந்தன்மை.

யமாடோவில் தாயம் நிற்கவில்லை. மே மாதம் மிட்வே தீவைப் பிடிக்கும் திட்டத்தை மேஜையில் ஆடிப் பார்த்தார்கள். அமெரிக்க விமானங்கள் தாக்கினால் என்ன ஆகும் என்று கட்டையை உருட்டினால், ஜப்பானியக் கப்பல்கள்மேல் ஒன்பது குண்டு பட்டது. அகாகி, ககா இரண்டும் காலி. நடுவராக இருந்த அட்மிரல் உகாகி, “ஒன்பது அதிகம், மூன்று என்று எழுது” என்று சொல்லிவிட்டார். ககா மட்டும் மூழ்கியது, அகாகிக்கு லேசான அடி. அடுத்த ஆட்டத்தில் பார்த்தால் மூழ்கிய ககா ஃபிஜிப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது. வெட்டுப்பட்ட காய் தாயமே போடாமல் பலகையில் இறங்கினால் எங்கள் தெருவில் கைகலப்பாகியிருக்கும். அங்கே எல்லாரும் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். ஜூன் 4 அன்று மிட்வேயில் நிஜமாகவே அகாகியும் ககாவும் அடிபட்டுப் போயின, கூடவே இன்னும் இரண்டு. உகாகி மூன்று என்று எழுதச் சொல்லியிருந்தார். பசிபிக் அதைப் படிக்கவில்லை.

மிட்வேக்குப் பிறகு வங்காள விரிகுடா பக்கம் எட்டிப் பார்க்க ஜப்பானுக்கு நேரமில்லை. மதராஸ் மெல்ல மெல்லத் திரும்பியது. ஆட்டுக்கல் மட்டும் திரும்பவில்லை, அதைத் தூக்குவதைவிட அம்பத்தூரிலேயே குடியிருந்துவிடலாம் என்று தாத்தா சொல்லிவிட்டார். கடைசியில் 1943 அக்டோபரில் ஒற்றை ஜப்பானிய விமானம் வந்து துறைமுகப் பக்கம் சில குண்டுகளைப் போட்டது. அந்த மாதம் ஊரே வெள்ளத்தில் மிதந்துகொண்டிருந்தது. வருஷக்கணக்காக எதிர்பார்த்த விருந்தாளி வந்தபோது வீட்டுக்காரர் வாளியால் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்.

சுதந்திரத்துக்குப் பிறகு எங்கள் மேற்குப் பகுதிக்கு ராணுவ அந்தஸ்து கூடியது. 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது, விஜயந்தா டாங்கி அங்கே உருவானது. அதே ரயில் பாதையில் இன்னும் தள்ளி, கடலிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர் உள்ளே, அரக்கோணத்தில் 1992இல் கடற்படை ஒரு விமானத்தளத்தைத் திறந்தது. கடற்படையின் சம்பிரதாயப்படி அதற்கும் கப்பல் பெயர்தான்: ஐஎன்எஸ் ராஜாளி. நின்ற இடத்தைவிட்டு ஓர் அங்குலம் நகராத கப்பல். அங்கிருந்து கிளம்பும் பி-8ஐ விமானங்கள் கடலில் நீர்மூழ்கிகளைத் தேடுகின்றன. ஆக, சென்னைக் கடலைக் காப்பதும் இப்போது மேற்கேயிருந்துதான்.

எதிரி கிழக்கிலிருந்து வருவான் என்று நூறு வருஷம் பார்த்துக்கொண்டிருந்த ஊருக்கு, 2015 டிசம்பரில் தண்ணீர் மேற்கிலிருந்து வந்தது. பூந்தமல்லிக்குத் தெற்கே செம்பரம்பாக்கம் ஏரியில் திறந்த நீர் அடையாற்றில் இறங்கியது. பல உயிர்கள் போன அந்த நாட்களைப் பற்றிச் சிரிக்க ஒன்றுமில்லை. விமான நிலையம் மூழ்கியபோது பயணிகள் விமானங்கள் ராஜாளியில்தான் இறங்கின என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். மறுபடியும் ஓட வேண்டியிருந்தபோது ஊருக்குக் கிடைத்த வாசல் எங்கள் பக்கம்தான்.

2017 ஜூலையில் மலபார் கூட்டுப்பயிற்சி சென்னையில் நடந்தது. இந்தியாவின் விக்ரமாதித்யா, அமெரிக்காவின் நிமிட்ஸ், ஜப்பானின் இசுமோ என்று மூன்று பெருங்கப்பல்கள். 75 வருஷம் தாமதமாக ஜப்பானியக் கடற்படை மதராஸுக்கு வந்து சேர்ந்தது, அதுவும் அழைப்பிதழோடு. கவர்னர் எந்த ஊருக்கும் கிளம்பவில்லை. வண்டலூரில் புலிகள் நிம்மதியாகத் தூங்கின. எங்கள் தெருப் பையன்கள் நாலு பேர், கப்பல் பார்க்கலாம் என்று அம்பத்தூரிலிருந்து பைக்கில் மெரினாவுக்குப் போனார்கள். ஒரு கப்பலும் கண்ணில் படவில்லையாம். சுண்டல் சாப்பிட்டுவிட்டு, பாடி மேம்பாலத்து நெரிசலில் ஒரு மணி நேரம் நின்று வீடு வந்தார்கள்.