மறுப்பின் மகிமை

நல்ல பொருளைச் செய்து விற்ற கம்பெனியைப் புகழ யாராலும் முடியும். ஆப்பிளை நான் புகழ்வது அது விற்காமல் விட்ட ஒரு பொருளுக்காக. உள்ளே கார்டு செருக இடம் இருக்க வேண்டும், மெமரியையும் டிஸ்க்கையும் நாமே மாற்றிக்கொள்ள முடிய வேண்டும், விலை நடுத்தரமாக இருக்க வேண்டும். அப்படி ஒரு மேசைக் கணினியைத்தான் மேக் பிரியர்கள் ஆண்டுக்கணக்கில் கேட்டார்கள். ஆப்பிள் சலிக்காமல் மறுத்தது. அந்த மறுப்பு மட்டும் இல்லாதிருந்தால் எத்தனையோ இசைக்காரர்களும் வீடியோ எடிட்டர்களும் பயாஸ் என்றால் என்ன என்று தெரியாமலே காலத்தை ஓட்டியிருப்பார்கள். கேட்டதைக் கொடுத்தால் வாங்கியவன் பெட்டியைத் திறந்து பார்க்கவே மாட்டான். கொடுக்காமல் இருந்ததால் கெர்னல் வரை இறங்கிப் படித்தான்.

கதை 2005 ஜூனில் தொடங்குகிறது. மேக் இனி இன்டெல் சிப்பில் ஓடும் என்று ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் அறிவித்தார். ஐந்து ஆண்டுகளாக மேக் ஓஎஸ் எக்ஸின் ஒவ்வொரு பதிப்பையும் இன்டெலுக்கும் சேர்த்தே ரகசியமாகத் தயாரித்து வந்ததையும் சொன்னார். கடையில் கிடைக்கும் பீசிக்கும் மேக்குக்கும் உள்ளே இருக்கும் மூளை ஒன்றேதான் என்று ஆகிவிட்டது. ஆனால் மேக் ஓஎஸ்ஸை மேக் தவிர வேறு எதிலும் ஓட விடமாட்டோம் என்று ஆப்பிள் அதிகாரி ஃபில் ஷில்லர் அப்போதே தெளிவாகச் சொல்லிவிட்டார். வாடிக்கையாளரை நம்ப வைத்துக் கழுத்தறுக்கவில்லை. முதல் நாளே முடியாது என்று சொன்ன நேர்மை அது.

போட்ட பூட்டும் பண்பானது. மேக் ஓஎஸ்ஸோடு வரும் கெர்னல் எக்ஸ்டென்ஷன்களில் ஒன்றின் பெயரே ‘டோன்ட் ஸ்டீல் மேக் ஓஎஸ் எக்ஸ்’. இன்டெல் மேக்கில் எஸ்எம்சி என்று ஒரு சிறிய சிப் உண்டு. ஃபேனையும் வெப்பத்தையும் கவனிப்பது அதன் வேலை. அதற்குள் முப்பத்திரண்டு முப்பத்திரண்டாக மொத்தம் 64 எழுத்துகளில் ஒரு வாசகம் வைக்கப்பட்டிருந்தது. எங்கள் உழைப்பைத் தயவுசெய்து திருடாதீர்கள் என்பது அதன் சாரம். ஃபைண்டர் போன்ற சில முக்கிய நிரல்கள் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும். அந்த வாசகம் கிடைத்தால்தான் அவிழும். உலகத்துக் கம்பெனிகள் பூட்டுக்குள் எண்களை வைத்தபோது, இவர்கள் மனச்சாட்சிக்கு ஒரு விண்ணப்பத்தை வைத்தார்கள். 2009இல் 29 டாலர் கொடுத்து ஸ்னோ லெப்பர்டு பதிப்பின் வட்டை வாங்கியவரிடமும் அதே விண்ணப்பம்தான். காசு கொடுத்தவர், கொடுக்காதவர் என்று பேதம் பார்க்காத சமநோக்கு. மேக் ஓஎஸ் போட்ட சாதாரண பீசியில் அந்தச் சிப் இருப்பது போலக் காட்ட முதலில் ஃபேக்எஸ்எம்சி வந்தது, பிறகு விர்ச்சுவல்எஸ்எம்சி வந்தது. இரண்டும் சம்பளமில்லாமல் எழுதப்பட்டவை.

தண்டர்போல்ட்டுக்கு வருகிறேன். என் மெச்சுதலின் மையமே அங்கேதான் இருக்கிறது.

2009 செப்டம்பரில் இன்டெல் தன் மாநாட்டில் ‘லைட் பீக்’ என்ற பெயரில் இதைக் காட்டியபோது, மேடையில் ஓடியது மேக் ஓஎஸ்தான். 2011 பிப்ரவரியில் மேக்புக் ப்ரோவில் முதல் தண்டர்போல்ட் துளை வந்தது. ஒரு சேனலுக்கு விநாடிக்கு 10 ஜிகாபிட். கணினிக்குள் கார்டுகள் பேசிக்கொள்ளும் பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதையையே ஒரு கேபிளில் வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். ஒலிப்பதிவுக்காரர்களுக்கு இது எவ்வளவு பெரிய வரம் என்பது அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். பாடகர் மைக்கில் பாடுவது கணினிக்குள் போய்த் திரும்பி அவர் காதுக்கு வருவதற்குள் ஏற்படும் தாமதம் கொஞ்சம் கூடினாலும் பாட்டு குலையும். யுனிவர்சல் ஆடியோவின் அப்போலோ ட்வின் என்ற ஒலி இன்டர்ஃபேஸ் 2014இல் தண்டர்போல்ட்டை மட்டுமே நம்பி வந்தது; முதலில் மேக்கில் மட்டுமே ஓடியது. அதோடு லாஜிக் ப்ரோ என்ற இசைப்பதிவு மென்பொருள். இதைச் செய்த ஜெர்மானிய நிறுவனமான இமேஜிக்கை ஆப்பிள் 2002இல் வாங்கி, விண்டோஸ் பதிப்பை நிறுத்திவிட்டது. எந்தக் கணினியில் வேலை செய்வது என்ற குழப்பமே இசைக்காரர்களுக்கு வராதபடி பார்த்துக்கொண்டது. மேக் ஓஎஸ்ஸில் ஒலியைக் கையாளும் கோர் ஆடியோ அத்தனை நன்றாக இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லத்தான் வேண்டும். வேறு இடத்துக்குப் போக மனமில்லாமல்தான் பலரும் கட்டுப்பட்டுக் கிடந்தார்கள்.

இப்போது பாருங்கள். 2013 வரை விற்ற மேக் ப்ரோ டவரில் நான்கு பிசிஐ ஸ்லாட் இருந்தது, நான்கு டிஸ்க் அறைகள் இருந்தன, தண்டர்போல்ட் இல்லை. 2013 டிசம்பரில் வந்த கறுப்பு உருளை வடிவ மேக் ப்ரோவில் ஆறு தண்டர்போல்ட் 2 துளைகள் இருந்தன, ஸ்லாட் ஒன்றுகூட இல்லை. ஸ்லாட்டும் தண்டர்போல்ட்டும் ஒரே மேக்கில் சேர்ந்து வந்தது 2019 டிசம்பரில்தான். ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் இரண்டையும் ஒன்றுசேர விடாமல் காத்த கட்டுப்பாடு சாதாரணமானதல்ல. இத்தனைக்கும் 2012லேயே கிகாபைட்டின் ஒரு மதர்போர்டில், இசட்77எக்ஸ்-யுபி5 டிஎச் என்று பெயர், இரண்டு தண்டர்போல்ட் துளைகளும் வழக்கமான ஸ்லாட்டுகளும் சேர்ந்தே இருந்தன. அதை வாங்கி மேக் ஓஎஸ் போட்டவர், ஆப்பிளே செய்யாத மேக்கை ஏழு ஆண்டு முன்னதாக வைத்திருந்தார்.

அந்த உருளையை மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக மாற்றமே இல்லாமல் விற்றபின், 2017 ஏப்ரலில் ஆப்பிளின் மூத்த அதிகாரிகள் சில பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு, வெப்பம் வெளியேற வழியில்லாத வடிவத்துக்குள் தங்களைத் தாங்களே அடைத்துக்கொண்டதாக ஒப்புக்கொண்டார்கள். பெரிய மனது வேண்டும் அதற்கு. 2019இல் வந்த புதிய டவர் உண்மையாகவே அருமையான இயந்திரம். ஆரம்ப விலை 5,999 டாலர். அடியில் சக்கரம் வைத்துக் கேட்டால் கூடுதலாக 400 டாலர். நடுத்தர விலையில் ஒன்று வேண்டும் என்று கேட்டவர்களுக்கு, தாங்கள் எங்கே நிற்கிறோம் என்பதை இதைவிடத் துல்லியமாகச் சொல்லியிருக்க முடியாது.

இனி, தனக்கான மேக்கைத் தானே வீட்டில் கட்டுகிறவரின் மேசைக்குப் போவோம். கிகாபைட் இசட்390 டிசைனேர் போர்டு. அதிலேயே டைட்டன் ரிட்ஜ் என்ற இன்டெலின் தண்டர்போல்ட் 3 சிப் இருக்கிறது. ஓபன்கோர் என்ற பூட்லோடர் வழியாக மேக்ஓஎஸ் ஏறிவிட்டது. திரையே இல்லாத அந்தப் பெட்டி, தான் 2019ஆம் வருடத்து ஐமேக் என்று தன்னை அறிவித்துக்கொள்கிறது. ஒலி இன்டர்ஃபேஸைச் செருகி வைத்துவிட்டுக் கணினியை ஆன் செய்தால் வேலை செய்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது கேபிளைப் பிடுங்கித் திரும்பச் செருகினால் ஒன்றும் நடக்காது. ரீஸ்டார்ட் செய்ய வேண்டும்.

காரணம் இதுதான். சாதாரண பீசியில் தண்டர்போல்ட் கருவியை அடையாளம் கண்டு பாதை போட்டுக் கொடுப்பது அந்தச் சிப்புக்குள் ஓடும் ஃபர்ம்வேர். மேக்கில் அந்த வேலையை மேக்ஓஎஸ் தன் கையில் வைத்திருக்கிறது. பீசியின் சிப் ‘நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று நிற்கும். மேக்ஓஎஸ் தன்னிடம் ஒப்படைத்தால்தான் தொடும். இரண்டு பொறுப்பாளர்கள், நடுவில் ஒரு கேபிள். தண்டர்போல்ட்டை உலகத்துக்குக் கொடுத்தவர்களில் ஒருவரான ஆப்பிள், அதன் சாவிக்கொத்தை மட்டும் தன் இடுப்பிலேயே வைத்துக்கொண்டது.

இதைச் சரிசெய்ய ஒருவர் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். போர்டைப் பெட்டியிலிருந்து கழற்ற வேண்டும். அல்லது தனி கார்டாக இருந்தால் அதை மட்டும். அதில் அரிசியைவிடச் சற்றுப் பெரிதாக, எட்டுக் கால்களோடு ஒரு ஃபிளாஷ் சிப் இருக்கும். ஒரு மூலையில் சின்னப் புள்ளி. அதுதான் முதல் கால். சிஎச்341ஏ என்ற மலிவான புரோகிராமரில் எட்டுப் பற்கள் கொண்ட கிளிப்பை மாட்டி, சிவப்பு ஒயர் அந்தப் புள்ளிப் பக்கம் வருமாறு சிப்பின் மேல் கவ்வ வைக்க வேண்டும். கிளிப் வழுக்கும். மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தி, உள்ளே இருப்பதை முதலில் படித்துச் சேமிக்க வேண்டும். இன்னொரு முறை படித்து, இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் கிளிப் சரியாகக் கவ்வவில்லை என்று பொருள். அந்த நிலையில் அழித்து எழுதினால் சிப் போய்விடும். ஒத்துப்போனபின் பழையதை அழித்து, மேக்கின் நடைமுறைக்கு ஏற்ப யாரோ மாற்றி வைத்த ஃபர்ம்வேரை எழுத வேண்டும். பிறகு அந்தத் துளைகளின் அமைப்பை விவரிக்கும் ஒரு எஸ்எஸ்டிடி அட்டவணையை எழுதி ஓபன்கோரிடம் கொடுக்க வேண்டும்.

அதன்பின் சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்தால், ட்ரைவர் எதுவும் ஏற்றப்படவில்லை என்று காட்டிக்கொண்டிருந்த தண்டர்போல்ட் பக்கத்தில் பஸ், போர்ட், செருகிய கருவி என்று கிளை கிளையாக விரியும். அசல் மேக்கில் இந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தவர்களே குறைவு. அது விரிவதைக் கண்டு கண் கலங்கும் அளவுக்கு ஒரு வாடிக்கையாளனைப் பக்குவப்படுத்தியது ஆப்பிளின் சாதனை. கோயில் நடை சாத்தியிருந்தால் வாசலில் நின்று கும்பிட்டுவிட்டுப் போகிறவர் உண்டு. இவர்கள் வெளியிலேயே இன்னொரு கர்ப்பகிரகத்தைக் கட்டி, அதே சாமியை எழுந்தருளச் செய்தவர்கள். விளம்பரத்துக்குக் கோடிகள் கொட்டினாலும் இப்படி ஒரு பக்தி கிடைக்காது. அதைச் செலவே இல்லாமல், மறுத்தே சம்பாதித்திருக்கிறார்கள்.

ஃப்ளோரிடாவில் சைஸ்டார் என்ற சிறிய கம்பெனி 2008இல் மேக் ஓஎஸ் போட்ட பீசிகளை விற்கத் தொடங்கியது. ஆப்பிள் வழக்குப் போட்டு, 2009இல் கலிஃபோர்னியா நீதிமன்றத்தில் நிரந்தரத் தடை வாங்கி, மேல்முறையீட்டிலும் வென்றது. உரிம ஒப்பந்தத்தில் ஆப்பிள் முத்திரை பதித்த கணினி என்று இருக்கிறது. சட்டப்படி அதுதான் சரி. இதற்கு முன்பு 1990களின் நடுவில் பவர் கம்ப்யூட்டிங் போன்ற கம்பெனிகளுக்கு ஆப்பிளே உரிமம் கொடுத்து மேக் நகல்களைச் செய்ய விட்டிருந்தது. ஜாப்ஸ் திரும்பி வந்ததும் 1997இல் அதை முடித்துக்கட்டினார். பவர் கம்ப்யூட்டிங்கின் மேக் தொழிலை வாங்க ஆப்பிள் கொடுத்தது பத்துக் கோடி டாலர் மதிப்புள்ள பங்குகள். போட்டியாளன் மலிவாகவும் வேகமாகவும் செய்தால் அவனை விலைக்கு வாங்கி வீட்டுக்கு அனுப்பும் தாராளம் எல்லோருக்கும் வராது.

தனக்கென வீட்டில் கட்டிக்கொண்டவரை மட்டும் ஆப்பிள் நீதிமன்றத்துக்கு இழுக்கவில்லை. அதற்கு என் நன்றி உண்மையானது. அவர்களும் பதிலுக்கு லாஜிக் ப்ரோவையும் ஃபைனல் கட் ப்ரோவையும் காசு கொடுத்து வாங்கினார்கள். பலர் ஐபோனும் வாங்கினார்கள். கணினிப் பெட்டி ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வாங்கத் தயாராக இருந்தவர்களை, அந்தப் பெட்டி ஒன்றையும் செய்து கொடுத்து முழுதாகத் தன்பக்கம் சேர்த்துக்கொள்ளலாம் என்ற ஆசைக்குக்கூட ஆப்பிள் இடம் கொடுக்கவில்லை. லாபத்தின் மேல் அவ்வளவு பற்றின்மை.

புதிய என்விடியா கார்டு வைத்திருந்தவர்களுக்கு 2018இல் மொஹாவி பதிப்போடு கதவு மூடியது. அதே ஆண்டு மார்ச்சில்தான் ஹை சியராவில் தண்டர்போல்ட் வழியாக வெளியே கிராபிக்ஸ் கார்டு இணைக்கும் வசதியை அதிகாரபூர்வமாகத் திறந்திருந்தார்கள். 2020 நவம்பரில் எம்1 வந்தது. ஆப்பிளின் சொந்தச் சிப் மேக்குகளில் அந்த வெளிக் கார்டு வசதி கிடையாது. மூன்று ஆண்டுகூட நிரம்பாத ஒரு வாக்குறுதியை நம்பிக் கார்டும் பெட்டியும் வாங்கியவர்களுக்கு, எதையும் நிரந்தரம் என்று நினைக்கக்கூடாது என்ற ஞானம் அந்த விலைக்குள்ளேயே அடங்கிவிட்டது. 2023இல் 6,999 டாலருக்கு வந்த மேக் ப்ரோவில் ஸ்லாட்டுகள் மறுபடி இருந்தன. கேட்டுக் கேட்டுக் கடைசியில் கொடுத்தார்கள். ஆனால் கிராபிக்ஸ் கார்டை ஏற்காத ஸ்லாட்டுகள் அவை.

2025 ஜூனில் அறிவித்த டஹோதான் இன்டெல் மேக்குகளுக்கு வரும் கடைசி மேக்ஓஎஸ் பதிப்பு. வீட்டில் கட்டிய பெட்டிகளுக்கும் அதுவே கடைசி. இருபது ஆண்டுகள் தளராமல் மறுத்து, இனி மறுக்க வேண்டிய தேவையே இல்லாத இடத்துக்கு ஆப்பிள் வந்து சேர்ந்துவிட்டது. தண்டர்போல்ட் வேறு பாதையில் போனது. 2019இல் இன்டெல் அதன் நெறிமுறையைக் கட்டணமில்லாமல் யுஎஸ்பி அமைப்புக்குக் கொடுத்தது. யுஎஸ்பி4 அதிலிருந்துதான் பிறந்தது. இன்று எந்தக் கம்பெனி செய்த மடிக்கணினியிலும் அந்தத் துளை வரலாம். மேக்கைப் போலத் தானே பாதை போடும் நிரல் லினக்ஸ் கெர்னலிலும் சேர்ந்துவிட்டது, யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம்.