ஈயையும் சேர்த்து!

கே: 'ஈயடிச்சான் காப்பி' என்கிறார்களே, காப்பிக்குள் ஈ எப்படி விழுந்தது?

ப: குடிக்கிற காப்பியில் விழுந்தால் ஓட்டல்காரரோடு சண்டை போடலாம். இது ஆபீஸ் காப்பி. பழைய தஸ்தாவேஜு ஒன்றைக் குமாஸ்தாவிடம் கொடுத்து, "அப்படியே நகல் எடு" என்றாராம் துரை. மூலத்தில் ஒரு வரியின் மேல் ஈ நசுங்கி ஒட்டிக்கிடந்தது. நம்மாள் பேனாவை வைத்துவிட்டு ஈ வேட்டைக்குக் கிளம்பி, ஒன்றை அடித்து, நகலிலும் அதே வரியில் ஒட்டிவிட்டுத்தான் மூச்சு விட்டாராம். எந்த ஊர் ஆபீஸ் என்று கேட்காதீர்கள், கதைக்கு ஏது விலாசம்? இந்திக்காரர்களும் ஈ மேல் ஈ அடிப்பதாகத்தான் சொல்கிறார்கள்.

கே: 'அச்சு அசல்' என்பதும் இதுவும் ஒன்றுதானே?

ப: குழந்தையைப் பார்த்து "அச்சு அசல் அப்பாவேதான்" என்றால் பாயசம் கிடைக்கும். "ஈயடிச்சான் காப்பி" என்று சொல்லிப் பாருங்கள்!

கே: பரீட்சையில் பார்த்து எழுதுகிறவன் எப்படி மாட்டுகிறான்?

ப: சரியான விடையால் யாரும் மாட்டுவதில்லை, தப்பும் அதே தப்பாக இருப்பதால் மாட்டுகிறான். 1930-களில் அமெரிக்காவின் ஜெனரல் டிராஃப்டிங் கம்பெனி, நியூயார்க் மாநில வரைபடத்தில் காப்பியடிப்பவர்களைப் பிடிப்பதற்காக 'ஆக்லோ' என்று இல்லாத ஊரை வேண்டுமென்றே போட்டுவைத்தது. பிற்பாடு இன்னொரு வரைபடக் கம்பெனியான ராண்ட் மெக்னலியின் வரைபடத்திலும் ஆக்லோ! திருடன் அகப்பட்டான் என்று பாய்ந்தால், அங்கே 'ஆக்லோ ஜெனரல் ஸ்டோர்' என்று ஒரு கடையே இருந்ததாம். கடைக்காரர் பழைய வரைபடத்தைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார். ஒட்டிய ஈ உயிர்பெற்றுப் பறந்துவிட்டது.

கே: ஆக, ஈயடிச்சான் மட்டமான ஆசாமி, அப்படித்தானே?

ப: அவசரப்படாதீர்கள். ஓலைச்சுவடியில் புள்ளி வைக்க மாட்டார்கள். எகரமும் ஏகாரமும் ஒன்றுபோல் இருக்கும், காலுக்கும் ரகரத்துக்கும் வித்தியாசம் தெரியாது. புரியாவிட்டாலும் இருந்ததை இருந்தபடி எழுதிவைத்தவனின் ஏட்டிலிருந்து பழைய பாடத்தை ஊகித்துவிடலாம். "இது இப்படித்தான் இருக்க வேண்டும்" என்று திருத்தினவன் ஏட்டில் தடயமே மிஞ்சாது. 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சா. போன்றவர்கள் ஏட்டோடு ஏடு ஒப்பிட்டுக் கண்ணைக் கெடுத்துக்கொண்டது இதற்காகத்தான். பதிப்பாசிரியருக்குக் கை கொடுப்பவன் ஈயடிச்சான், கழுத்தறுப்பவன் புத்திசாலி.

கே: இந்தப் பதில்களை என் மகன் பள்ளிக் கட்டுரைக்கு எழுதிக்கொள்ளலாமா?

ப: தாராளமாக. பக்க எண்ணை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள்.