சமூகக் குளியல்

இங்கிலாந்தில் குளியல் இரண்டு வகை. மருத்துவக் குளியல், சமூகக் குளியல். தோல் நோய்க்காக நர்ஸ் வந்து குளிப்பாட்டினால் அது மருத்துவம்; தேசிய மருத்துவச் சேவையான என்ஹெச்எஸ் கணக்கு, இலவசம். தள்ளாத கிழவி தானாகக் குளிக்க முடியாமல் அழுக்கோடு கிடந்தால் அது சமூகம். உள்ளாட்சிக் கவுன்சில் கணக்கு, சொத்து விவரம் கொண்டு வா. தண்ணீர் ஒன்றுதான், சோப்பும் ஒன்றுதான். முதுகு எந்த இலாகா என்பதில்தான் எழுபத்தைந்து ஆண்டுக்கும் மேலாக வழக்கு.

இந்த இரண்டு இலாகாவும் இரட்டைப் பிள்ளைகள். 1948 ஜூலை 5 அன்று என்ஹெச்எஸ் பிறந்தது. அதே நாளில்தான் முதியோர் பராமரிப்பைக் கவுன்சில்களின் தலையில் கட்டிய தேசிய உதவிச் சட்டமும் நடைமுறைக்கு வந்தது. ஒரு பிள்ளைக்குப் பால், மற்றதற்கு பில். அன்று பிரித்துப் போட்டதை ஒட்டவைக்கும் வேலைக்குத்தான் இன்று ‘ஒருங்கிணைப்பு’ என்று பெயர்.

ஒட்டவைக்க வந்தவர்கள் கையில் கோந்து இல்லை, டெண்டர் இருந்தது. 2012 சட்டம் பழைய அமைப்புகளைக் கலைத்து, குடும்ப டாக்டர்கள் தலைமையில் இருநூற்றுச் சொச்சம் கொள்முதல் குழுக்களை உண்டாக்கியது. விண்வெளியிலிருந்து பார்த்தாலும் தெரியும் அளவுக்குப் பெரிய மாற்றம் என்றார் என்ஹெச்எஸ்ஸின் அன்றைய தலைமை நிர்வாகி. படுக்கையிலிருந்து பார்த்த கிழவிக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை.

கேம்பிரிட்ஜ்ஷயர் கதையைக் கேளுங்கள். முதியோருக்கான சேவைகள் பலவற்றை ஒரே ஒப்பந்தத்தில் கட்டிக்கொடுத்தார்கள்: ஐந்து ஆண்டு, சுமார் 80 கோடி பவுண்டு. வென்றது யுனைட்டிங்கேர் என்ற கூட்டு நிறுவனம். பெற்றவை இரண்டும் என்ஹெச்எஸ் அறக்கட்டளைகள். ஆனால் பிறந்த பிள்ளை என்ஹெச்எஸ் இல்லையாம், ஆகவே கட்டிய வாட் வரியைத் திரும்பக் கேட்க முடியாதாம். மாதக்கணக்கில் டெண்டர் நடத்தி, ஆலோசகர்களுக்கு அள்ளிக் கொடுத்த மேதைகளுக்கு இது முன்பே தெரியவில்லை. 2015 ஏப்ரலில் மேளம் கொட்டித் தொடங்கினார்கள். மே மாதமே பணம் போதவில்லை என்று கை நீண்டது. டிசம்பரில் கடை கட்டியாயிற்று. எட்டு மாதக் குடித்தனத்துக்குக் குறைந்தது 1 கோடியே 60 லட்சம் பவுண்டு தண்டம். அந்தக் காசில் எத்தனை முதுகு தேய்த்திருக்கலாம்!

பாடம் படித்தார்களா? போர்டை மாற்றினார்கள். 2022இல் குழுக்கள் போய் 42 ஒருங்கிணைந்த பராமரிப்பு வாரியங்கள் வந்தன. வாரியங்களுக்கு மூன்று வயது நிறையும் முன்பே, 2025இல், நிர்வாகச் செலவைப் பாதியாக வெட்டு என்று உத்தரவு. அவற்றுக்கு மேலே இருந்த என்ஹெச்எஸ் இங்கிலாந்து அமைப்பையே கலைக்கப்போவதாகப் பிரதமரின் அறிவிப்பு. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் நாளை நாற்காலியில் இருப்பாரா என்று அவருக்கே தெரியாது. அதே ஆண்டு ஏப்ரலில் முதலாளிகள் கட்டும் தேசியக் காப்பீடு 13.8 சதவீதத்திலிருந்து 15 ஆனது. அரசு மருத்துவமனைக்கு ஈட்டுத்தொகை உண்டு. கவுன்சில் ஒப்பந்தத்தில் ஓடும் தனியார் பராமரிப்பு நிறுவனத்துக்கு இல்லை. இதற்குப் பெயரும் ஒருங்கிணைப்புதான்.

இத்தனை மாளிகைக்கும் அடித்தளம் யார்? காலை ஏழு மணி மழையில் வாசலோரச் சாவிப் பெட்டியில் எண் அழுத்துகிற பராமரிப்புப் பெண். போனில் ‘வந்தேன்’ என்று பதிய வேண்டும். பல இடங்களில் பதினைந்து நிமிடம்தான்: எழுப்பி, துடைத்து, உடுத்தி, மாத்திரை கொடுத்து, டீ போட்டுவிட்டு, டீ ஆறுமுன் ‘போகிறேன்’ என்று பதிய வேண்டும். அடுத்த வீட்டுக்குப் போகும் நேரத்துக்குப் பலருக்குக் கூலி கிடையாது. கிழவி “நேற்று ராத்திரி...” என்று பேச வாயெடுத்தால் அது ஒப்பந்தத்தில் இல்லாத சேவை.

அமைச்சர்கள் சும்மா இருக்கவில்லை. பராமரிப்புக்காக யாரும் வாழ்நாளில் 86,000 பவுண்டுக்கு மேல் கட்ட வேண்டாம் என்று 2021இல் வாக்குக் கொடுத்தார்கள், தள்ளிப்போட்டார்கள், 2024 ஜூலையில் அடுத்து வந்த அரசு குழிதோண்டிப் புதைத்தது. பிறகு, வழக்கம்போல, ஒரு கமிஷன். முழு அறிக்கை 2028இல்.

கையில் 23,250 பவுண்டுக்கு மேல் இருந்தால் பராமரிப்புச் செலவு முழுவதும் உன்னுடையது என்பது விதி. சட்டம் மாறியது, வாரியம் மாறியது, போர்டு மாறியது, விலைவாசி எங்கோ போயிற்று. இந்த 23,250 மட்டும் 2010இலிருந்து ஒரு பவுண்டுகூட நகரவில்லை.